எழுபத்தாறு வயதுக்கு எது நார்மல்?

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் முதலில் பரிசோதனையின் பெயர் இருக்கும், நடுவில் நம்முடைய எண், கடைசியில் 'இதிலிருந்து இதுவரை' என்று ஒரு வரம்பு. நடுவில் இருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் பயப்படுகிறோம், நிம்மதி அடைகிறோம். கடைசிப் பத்தியை யாரும் சந்தேகப்படுவதில்லை. அது எங்கிருந்து வந்தது, யாருடைய ரத்தத்தை வைத்துப் போட்டது என்று கேட்கத் தோன்றுவதே இல்லை.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு 76 வயது, அப்பாவுக்கு 81. இருவருடைய ரிப்போர்ட்டுகளையும் கோப்பில் போட்டு வைப்பது என் வேலை. எனக்கு நாற்பத்துச் சொச்சம். என்னுடையதையும் அம்மாவுடையதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் கடைசிப் பத்தி வரிக்கு வரி ஒன்றேதான். ஹீமோகுளோபின், கிரியேட்டினின், தைராய்டு எல்லாவற்றுக்கும் அதே எல்லை. முப்பது வருட வித்தியாசம் அந்தக் காகிதத்துக்குத் தெரியவில்லை. காகிதம் இப்படியென்றால், மனிதர்கள் நேர் எதிர். எந்த எண் தப்பினாலும் "வயசானா அப்படித்தான் இருக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டுமே சரியில்லை. சில எண்கள் வயதோடு நகர்வது இயல்பு. அங்கே வரம்புதான் நகர வேண்டும். சில எண்கள் நகரவே கூடாது. நகர்ந்தால் காரணம் தேட வேண்டும். இன்னும் சில, நகராமல் அப்படியே நிற்கும், ஆனால் அவற்றின் அர்த்தம் மாறிவிட்டிருக்கும். இந்த மூன்றாவது வகைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

முதலில் அந்த வரம்பு எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். ஆரோக்கியமானவர்கள் என்று தேர்ந்தெடுத்த ஒரு கூட்டத்தின் ரத்தத்தை எடுப்பார்கள். குறைந்தது 120 பேர் வேண்டும் என்பது ஆய்வகத் துறையில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அந்த 120 எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, கீழ்ப்பக்கம் சுமார் மூன்று, மேல்பக்கம் சுமார் மூன்று என்று ஒதுக்கிவிடுவார்கள். நடுவில் மிஞ்சும் 95 சதவீதம்தான் ரிப்போர்ட்டில் அச்சாகும் வரம்பு. கவனியுங்கள், ஒதுக்கப்பட்ட அந்த ஆறு பேரும் நோயாளிகள் இல்லை. ஆரோக்கியமானவர்கள் என்று பார்த்துச் சேர்த்தவர்கள்தான். அதாவது எந்த ஒரு பரிசோதனையிலும் நல்ல உடம்போடு இருக்கும் 20 பேரில் ஒருவர் வரம்புக்கு வெளியே விழுவார். கணக்கே அப்படித்தான் போடப்பட்டிருக்கிறது.

இதை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளை ஒரே நாளில் செய்தால், எல்லாமே வரம்புக்குள் வருவதற்கான வாய்ப்பு 100க்கு 36தான். மீதி 64 பேருக்கு ஏதாவது ஒரு வரியாவது தடித்த எழுத்தில் வரும். 'முழு உடல் பரிசோதனை' என்று ஐம்பது, அறுபது வரிகள் வரும் ரிப்போர்ட்டில் ஒரு வரிகூடத் தடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். அப்பா ஒவ்வொரு முறையும் "ஏம்மா, இந்த எழுத்து மட்டும் ஏன் கறுப்பா இருக்கு?" என்று விரல் வைத்துக் கேட்பார். பாதி நேரம் அதற்கு உண்மையான பதில், எங்கோ ஓரிடத்தில் கோடு போட வேண்டியிருந்தது, போட்டார்கள் என்பதுதான்.

சரி, அந்த 120 பேர் யார்? சிக்கல் இங்கேதான் ஆரம்பம். ரத்த தானம் செய்ய வந்தவர்கள், ஆய்வக ஊழியர்கள், மருத்துவ மாணவர்கள் என்று எளிதாகக் கிடைப்பவர்களை வைத்துத்தான் பல வரம்புகள் காலங்காலமாகப் போடப்பட்டன. அவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், நடுவயதுக்காரர்கள். சரி, 80 வயது ஆட்களாகவே 120 பேரைப் பிடித்து ஒரு தனி வரம்பு போட்டுவிடலாமே என்றால், 80 வயதில் 'ஆரோக்கியமானவர்' யார் என்ற கேள்வி குறுக்கே வந்து நிற்கும். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, மூட்டுவலி, தினசரி மாத்திரை என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுபவர்கள் தங்கள் வயதுக்காரர்களின் பிரதிநிதிகளே இல்லை, அபூர்வப் பிறவிகள். எதையும் விலக்காமல் எல்லாரையும் சேர்த்துக்கொண்டால் வரம்பு அகன்றுவிடும்; நோயும் அதற்குள் வசதியாக ஒளிந்துகொள்ளும். முதியவர்களின் நோய் எதிர்ப்புச் சக்தியை ஆராய்ந்த ஐரோப்பிய விஞ்ஞானிகள் 1984இல் 'செனியர் நெறிமுறை' என்ற பெயரில், ஆய்வுக்கு யாரைச் சேர்க்கலாம் என்று மிகக் கறாரான விதிகளை வகுத்தார்கள். வயதின் விளைவையும் நோயின் விளைவையும் பிரித்துப் பார்ப்பதுதான் நோக்கம். நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த விதிகளுக்கெல்லாம் தேறி வருகிற முதியவரை அன்றாட வாழ்க்கையில் எங்கே பார்ப்பது? இந்தச் சிக்கலுக்கு இன்றுவரை சுத்தமான தீர்வு கிடையாது என்பதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் ரிப்போர்ட்டைப் படிக்க வேண்டியிருக்கிறது.

குழந்தைகள் விஷயத்தில் இந்தக் குழப்பம் இல்லை. வளரும் பிள்ளையின் ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி பெரியவர்களுக்கு இருப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு இருந்தாலும் யாரும் பதறுவதில்லை. எலும்பு வளர்கிறது, அவ்வளவுதான். பிறந்த குழந்தைக்கு ஒன்று, ஒரு வயதுக்கு ஒன்று, பத்து வயதுக்கு ஒன்று என்று அழகாக அட்டவணை இருக்கிறது. ஏறும் வயதுக்கு இத்தனை அட்டவணை போட்டவர்கள், இறங்கும் வயதுக்கு மட்டும் '18க்கு மேல்' என்று ஒரே கட்டத்தில் அடைத்துவிட்டார்கள். 18ம் 88ம் ஒரே கட்டம்!

வயதுக்கு ஏற்ப நகர வேண்டிய எண்ணுக்கு நல்ல உதாரணம் ஈ.எஸ்.ஆர். மிகப் பழைய பரிசோதனை. போலந்து மருத்துவர் பியர்னாட்ஸ்கி 1897இலேயே இதைப் பற்றி எழுதினார். பிறகு ஸ்வீடன்காரர்களான ஃபாரியஸும் வெஸ்டர்கிரனும் இதை வளர்த்தெடுத்தார்கள். செய்முறை ரொம்ப எளிது. உறையாமல் இருக்க மருந்து கலந்த ரத்தத்தை, 200 மில்லிமீட்டர் வரை கோடு போட்ட மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிரப்பிச் செங்குத்தாக நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். சிவப்பணுக்கள் மெல்ல அடியில் இறங்கும். மேலே வெளிர் மஞ்சளாகத் தெளிந்த திரவம் நிற்கும். அந்தத் தெளிந்த பகுதியின் உயரம்தான் ஈ.எஸ்.ஆர். உடம்பில் அழற்சி இருந்தால் ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள் கூடும். அவை சிவப்பணுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவைக்கும். ஒட்டிய அணுக்கள் கனத்தால் வேகமாக இறங்கும். வயது ஏறும்போது பெரிய நோய் எதுவும் இல்லாமலே ஃபைப்ரினோஜன் கொஞ்சம் கூடுகிறது. அதனால் ஈ.எஸ்.ஆரும் கூடுகிறது.

இதற்கு 1983இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மனக்கணக்காகவே போடக்கூடிய ஒரு சூத்திரம் வந்தது. ஆணுக்கு உச்ச வரம்பு, வயதில் பாதி. பெண்ணுக்கு, வயதோடு 10 கூட்டி அதில் பாதி. அம்மாவுக்கு 76ஐயும் 10ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 43. ரிப்போர்ட்டில் உச்ச வரம்பு 20 என்று போட்டிருக்கிறது. 38 வந்தால் காகிதம் அலறும். சூத்திரம் சும்மா இருக்கும். இதை வைத்துக்கொண்டு 38ஐத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. நெற்றிப்பொட்டில் புதிதாகத் தலைவலி, மெல்லும்போது தாடை வலி, உடல் இளைப்பு என்று ஏதாவது சேர்ந்து வந்தால் அதே 38 வேறு கதை. அறிகுறி எதுவும் இல்லாதபோது அந்த எண்ணுக்காக மட்டும் ஊரெல்லாம் ஸ்கேன் எடுக்க ஓட வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

தைராய்டு கதை இதைவிடச் சுவாரசியமானது. டி.எஸ்.எச். என்பது மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைப் பார்த்து 'வேலை செய்' என்று விரட்டும் ஹார்மோன். தைராய்டு மந்தமானால் இது ஏறும். பெரும்பாலான ரிப்போர்ட்டுகளில் உச்ச வரம்பு 4 முதல் 4.5க்குள் இருக்கும். அமெரிக்காவில் நாடு தழுவி நடந்த ஓர் உடல்நல ஆய்வின் தரவுகளை வயதுவாரியாகப் பிரித்து 2007இல் வெளியிட்டபோது, தைராய்டு நோய் இல்லாத இருபதுகளின் வயதினருக்கு உச்ச வரம்பு 3.56 என்றும், 80 தாண்டியவர்களுக்கு 7.49 என்றும் வந்தது. ஏறத்தாழ இரட்டிப்பு. 6 என்று வந்த 82 வயதுக்காரர், தம் வயதுக்காரர்களின் நடுவே சாதாரணமாக உட்கார்ந்திருப்பவர். 25 வயதுக்காரரின் பக்கத்தில் உட்கார வைத்தால் நோயாளி.

சரி, மாத்திரை கொடுத்துக் குறைத்துவிட்டால் என்ன கெட்டுப் போகிறது என்று கேட்கலாம். இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 65 வயது தாண்டிய, டி.எஸ்.எச். லேசாக மட்டும் ஏறிய 737 பேரில் பாதிப் பேருக்குத் தைராய்டு ஹார்மோனான தைராக்சினை மாத்திரையாகவும் பாதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்த ஐரோப்பிய ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு எண் இறங்கியது. ஆனால் சோர்வு உள்ளிட்ட தொல்லைகளில் இரு தரப்புக்கும் வித்தியாசமே தெரியவில்லை. நெதர்லாந்தின் லைடன் நகரில் 85 வயதானவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு அதற்கும் முன்பே, 2004இல், ஒரு படி மேலே போய்விட்டது: டி.எஸ்.எச். கூடுதலாக இருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிக நாள் வாழ்ந்தார்கள். ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்கிறார்கள். எப்படியானாலும் தைராக்சினைத் தேவைக்கு மேல் கொடுத்தால் முதியவர்களுக்கு நெஞ்சுத்துடிப்பு தாறுமாறாவதும் எலும்பு மெலிவதும் நிச்சயமான தொல்லைகள். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. 10க்கு மேல் ஏறியவர்கள், தைராக்சின் அளவே குறைந்தவர்கள் கதை முற்றிலும் வேறு.

டி-டைமர் இன்னொன்று. ரத்தக் கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை. 500 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால், சந்தேகம் குறைவாக உள்ளவர்களுக்கு நுரையீரலில் ரத்தக் கட்டி இல்லை என்று அனுப்பிவிடலாம். ஆனால் முதியவர்களில் பெரும்பாலானோருக்கு அது எப்போதுமே 500க்கு மேல்தான். அதனால் 50 வயது தாண்டியவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி அதையே எல்லையாக வைக்கலாமா என்று 3,346 நோயாளிகளிடம் பார்த்தார்கள். 80 வயதென்றால் 800. 2014இல் முடிவு வந்தது. 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில், ஸ்கேனே இல்லாமல் பயத்தை விலக்க முடிந்தவர்களின் பங்கு 6.4 சதவீதத்திலிருந்து 29.7 ஆக உயர்ந்தது. வயதுக்கு ஏற்ற வரம்பு வைத்தால் நேரடியாகப் பலன் கிடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. இதயச் செயலிழப்பைப் பார்க்கும் என்.டி.-புரோ-பி.என்.பி.க்கும் இதே ஏற்பாடு உண்டு: மூச்சுத்திணறலோடு வருபவருக்கு 50 வயதுக்குக் கீழே 450, 75 வரை 900, அதற்கு மேல் 1,800.

இனி, நகராமல் நின்றே ஏமாற்றும் எண். கிரியேட்டினின்.

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப தினமும் ஏறத்தாழ ஒரே அளவு ரத்தத்தில் கலக்கும். சிறுநீரகம் அதை வெளியே தள்ளும். சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் தேங்கும், எண் ஏறும். இளைஞருக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். வயதானால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் குறைகிறது. தசை கரைகிறது, அதனால் கழிவு வரத்து குறைவு. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனும் குறைகிறது, அதனால் வெளியேற்றமும் குறைவு. வரவும் செலவும் சேர்ந்து குறைந்தால் கையிருப்பு மாறாமல் தெரியும். 25 வயதில் 1.0 இருந்தவருக்கு 80 வயதிலும் 1.0 இருக்கலாம். ஆனால் சிறுநீரகம் பழைய சிறுநீரகம் இல்லை.

வயதையும் பாலினத்தையும் சேர்த்து வடிகட்டும் திறனைக் கணக்கிடும் சூத்திரம் அதனால்தான் வந்தது, ரிப்போர்ட்டில் 'ஈ.ஜி.எஃப்.ஆர்.' என்று ஒரு வரி இருக்கும். 2021இல் திருத்தப்பட்ட சூத்திரத்தில் போட்டால், கிரியேட்டினின் 1.0 உள்ள 25 வயது ஆணுக்கு 107 வருகிறது. அதே 1.0, 76 வயது ஆணுக்கு 78. அதே 1.0, 76 வயதுப் பெண்ணுக்கு 58. மூவருக்கும் கிரியேட்டினின் வரியில் எந்த எச்சரிக்கையும் இருக்காது. ஆனால் 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று விதிப்புத்தகம் சொல்கிறது.

அம்மாவின் கோப்பில் இதை நான் கண்ணால் பார்த்தேன். 70 வயதில் எடுத்த ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 0.7. சூத்திரத்தில் போட்டால் 93. இப்போது 76இல் எடுத்ததில் 1.0. அதாவது 58. அச்சடித்த வரம்பு 0.6 முதல் 1.1 வரை, ஆகவே இரண்டு காகிதமும் சாதுவாக இருந்தன, ஒரு எழுத்துகூடத் தடிக்கவில்லை. அந்த லேபின் ரிப்போர்ட்டில் ஈ.ஜி.எஃப்.ஆர். வரியும் இல்லை. மருத்துவரிடம் இரண்டையும் சேர்த்துக் காட்டியபோது அவர் முதலில் எண்ணைப் பற்றிப் பேசவே இல்லை. "அம்மா, முட்டிவலிக்கு என்ன மாத்திரை போடறீங்க?" என்றுதான் கேட்டார். "அது சும்மா வலி மாத்திரைதான் டாக்டர், வலிக்கும்போது மட்டும்" என்றார் அம்மா. எங்களுக்குத் தெரியாமல் அந்த 'வலிக்கும்போது மட்டும்' தினசரியாகிவிட்டிருந்தது. அவ்வகை வலிநிவாரணிகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். வயதான சிறுநீரகம் அதைத் தாங்காது. மாத்திரையை நிறுத்தி, சில வாரம் கழித்துப் பார்த்தபோது 0.8 வந்தது, கணக்கில் 76. வலிக்கு வேறு ஏற்பாடு செய்தார்கள்.

இதற்கு நேர் எதிர்ப் பக்கமும் உண்டு. அமெரிக்காவில் பால்டிமோரில் ஆரோக்கியமானவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு 1985இல் சொன்னது: வடிகட்டும் திறன் சராசரியாக ஆண்டுக்கு 0.75 அளவு குறைகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்கினருக்குக் குறையவே இல்லை. எனவே 85 வயதில் மெதுவாக 55க்கு வந்து, சிறுநீரில் புரதம் இல்லாமல், ஆண்டாண்டாக அதே இடத்தில் நிற்பவரை நோயாளி என்று அழைக்க வேண்டுமா என்று சிறுநீரக மருத்துவர்களுக்குள்ளேயே இன்னும் சண்டை நடக்கிறது. 65 வயதுக்கு மேல் எல்லையை 45ஆகக் குறைக்கச் சொல்பவர்கள் ஒரு பக்கம், குழப்பம் வேண்டாம், 60 இருக்கட்டும் என்பவர்கள் மறுபக்கம். என்னைக் கேட்டால் பெயரில் என்ன இருக்கிறது, மருந்தின் அளவைத் தீர்மானிக்க அந்த எண் தெரிந்திருக்க வேண்டும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினை 30க்குக் கீழே கொடுக்கக் கூடாது. இதயத்துக்கான டிகாக்சின், நரம்பு வலிக்கான காபாபென்டின் எல்லாம் சிறுநீரகம் வழியாக வெளியேறுபவை. 'கிரியேட்டினின் நார்மல்' என்று முழு அளவில் கொடுத்தால் தேங்கும். தசை மிகவும் மெலிந்தவர்களுக்கு இந்தச் சூத்திரமே நல்லபடியாகப் பொய் சொல்லும். அப்போது தசையை நம்பி இல்லாத சிஸ்டாட்டின்-சி என்ற பரிசோதனை கைகொடுக்கும்.

இனி 'வயசானா அப்படித்தான்' கட்சி. இவர்கள் அதிகம் கெடுப்பது ஹீமோகுளோபின் விஷயத்தில்.

உலக சுகாதார நிறுவனம் ரத்தசோகைக்கு வைத்த எல்லை, ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12. முதியவர்களுக்கென்று தனிச் சலுகை கிடையாது. வயதான ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவதால் ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் 10க்கு வந்தவரைப் பார்த்து 'இந்த வயசுக்கு இது போதும்' என்று சொல்வது எனக்குக் கோபம் வரவைக்கிற பேச்சு. அமெரிக்கத் தரவுகளை வைத்து 2004இல் வெளியான ஆய்வில் 65 தாண்டியவர்களில் ஆண்கள் 11 சதவீதம், பெண்கள் 10.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை; 85 தாண்டியவர்களில் அது 20 சதவீதத்துக்கும் மேல். திருப்பிப் பாருங்கள்: 85 தாண்டியும் பெரும்பாலானோருக்கு ரத்தசோகை இல்லை. அப்படியிருக்க அது எப்படி வயதின் குணமாகும்? காரணங்களைப் பிரித்ததில், மூன்றில் ஒரு பங்கு இரும்பு, பி12, ஃபோலேட் போன்ற சத்துக்குறை; ஒரு பங்கு சிறுநீரகக் கோளாறு அல்லது நாள்பட்ட அழற்சி; மீதி ஒரு பங்குக்குத்தான் காரணம் பிடிபடவில்லை. இரும்புக் குறைபாடு என்றால் முதியவரிடம் அடுத்த கேள்வி, ரத்தம் எங்கே கசிகிறது என்பது. வயிற்றுப் புண்ணாக இருக்கலாம், குடல் கட்டியாகவும் இருக்கலாம். டானிக் பாட்டிலோடு முடிகிற விஷயம் இல்லை.

பி12இலும் இதே கதை. வயதானால் பலருக்கு இரைப்பையின் உட்சுவர் மெலிந்து அமிலம் குறைகிறது. சாப்பாட்டில் இருக்கும் பி12ஐப் பிரித்தெடுக்க அந்த அமிலம் வேண்டும். போதாததற்கு மெட்ஃபார்மினும் நெஞ்செரிச்சல் மாத்திரைகளும் அதை இன்னும் குறைக்கும். பாத எரிச்சல், தள்ளாட்டம், மறதி எல்லாவற்றையும் வயதின் தலையில் கட்டிவிட்டு ஒரு பரிசோதனையைக்கூட எழுதாமல் விடுவது சகஜமாக நடக்கிறது. சோடியமும் அப்படித்தான். 135 முதல் 145 என்பது இருபதுக்கும் எண்பதுக்கும் பொது. கொதிப்புக்குக் கொடுக்கும் தயசைடு மாத்திரைகளும் சில மனச்சோர்வு மாத்திரைகளும் முதியவர்களுக்கு அதை எளிதில் இறக்கிவிடும். லேசாக இறங்கினாலே நடை தள்ளாடும், விழுவார்கள், பேச்சு குழம்பும். அப்பாவுக்கு ஒருமுறை 128 வந்தது. அதற்கு முந்தைய வாரம் முழுக்க, அவர் சொன்னதையே திரும்பச் சொல்வதாக வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம். மாத்திரையை மாற்றியதும் சரியாகிவிட்டார்.

சர்க்கரை, கொழுப்பு வரிகளுக்கு இந்தக் கதை எதுவும் பொருந்தாது, ஏனென்றால் அங்கே அச்சிட்டிருப்பது 120 பேரை வரிசைப்படுத்திப் போட்ட வரம்பே அல்ல. வெறும் வயிற்றில் 126, சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ1சி 6.5 என்பவை, இதற்கு மேல் போனால் கண்ணுக்கும் பிற உறுப்புகளுக்கும் கேடு வருகிறது என்று பார்த்து வைத்த எல்லைகள். வயதோடு சர்க்கரை கொஞ்சம் ஏறுகிறது என்பதற்காக நோயின் எல்லை ஏறாது. சிகிச்சையின் இலக்குதான் தளரும். திடகாத்திரமாக நடமாடும் முதியவருக்கு எச்.பி.ஏ1சியை 7 அல்லது 7.5க்குள் வைத்தால் நல்லது என்கிறார்கள். பல நோய்கள் உள்ளவருக்கு 8 வரை போகலாம். காரணம், பத்து வருடம் கழித்து வரப்போகும் சிக்கலைவிட, இன்றிரவு சர்க்கரை சட்டென்று இறங்கி குளியலறையில் விழுவது அவருக்குப் பெரிய ஆபத்து.

புராஸ்டேட் பரிசோதனையான பி.எஸ்.ஏ.வுக்கும் வயதுவாரி எல்லைகளை 1993இல் முன்வைத்தார்கள்: நாற்பதுகளில் 2.5, ஐம்பதுகளில் 3.5, அறுபதுகளில் 4.5, எழுபதுகளில் 6.5. எல்லாருக்கும் பொதுவான 4 என்ற எல்லையும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. இரண்டில் எது சரி என்பது ஓயாத விவாதம். அப்புறம் ஒரு சின்னப் பொறி: சிறுநீர் தடைக்காக ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிடுபவருக்கு பி.எஸ்.ஏ. ஏறத்தாழ பாதியாகிவிடும். 3 என்று வந்தால் 6 என்று படிக்க வேண்டும். லேப் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது.

இத்தனையும் படித்தபிறகு என் நம்பிக்கை கடைசிப் பத்தியிலிருந்து கோப்பின் பழைய பக்கங்களுக்கு நகர்ந்துவிட்டது. ஒரே ஆளுக்குக் கிரியேட்டினின் நாளுக்கு நாள் மாறுவது மிகக் கொஞ்சம். ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசமோ பெரிது. அதனால் ஊர் வரம்பு அவரவர்க்கு மிக அகலமான சட்டை. 0.6இல் இருந்தவர் 1.0க்கு வந்தால் வரம்புக்குள்ளேயே பெரிய வீழ்ச்சி நடந்திருக்கிறது. மருத்துவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்: இரண்டு நாளில் 0.3 ஏறினாலோ ஒரு வாரத்தில் ஒன்றரை மடங்கானாலோ திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு என்பது விதி. எந்த எண்ணிலிருந்து ஏறியது என்பது கேள்வியே இல்லை. ஹீமோகுளோபினும் அப்படித்தான். எப்போதும் 15இல் இருந்த ஆண் 13.2க்கு வந்தால் காகிதம் நார்மல் என்னும். நான் மருத்துவரிடம் கேட்பேன்.

பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டுமென்றால் முடிந்தவரை ஒரே லேபில், ஒரே மாதிரி நேரத்தில் கொடுப்பது நல்லது. கருவியும் முறையும் மாறினால் பி.எஸ்.ஏ., டி.எஸ்.எச். போன்றவை உடம்பில் ஒன்றும் மாறாமலே மாறித் தெரியும். காய்ச்சலோ நீரிழப்போ இருந்த வாரத்தில் எடுத்ததைத் தனியாகக் குறித்து வைக்கிறேன். மாத்திரைகளையும்தான். முடிக்கும் நகத்துக்கும் என்று பலர் எடுக்கும் பயோட்டின், அதிக அளவில் இருந்தால், சில கருவிகளில் தைராய்டு முடிவையே தலைகீழாக்கிவிடும், டி.எஸ்.எச். குறைந்தும் தைராக்சின் கூடியும் தெரியும், தைராய்டு மிகையாக வேலை செய்வது போலவே. லேபில் வயதையும் பெயரையும் கேட்கிறார்களே தவிர என்ன மாத்திரை என்று கேட்பது அபூர்வம். அதனால் இருவருடைய மாத்திரைப் பட்டியலையும் கோப்பின் முதல் பக்கத்தில் தேதியோடு ஒட்டி வைத்திருக்கிறேன். மாத்திரை மாறினால் பழைய பட்டியலைக் கிழிப்பதில்லை; எந்த எண் எந்த மாத்திரைக் காலத்தில் வந்தது என்று பின்னால் பார்க்க வேண்டியிருக்கும்.